தோட்டத்தில இருக்கேன்

ஊருக்குச் சாலை பிரிகிற கிருபாபுரம் விலக்கோடு டிராக்டர் நின்றுவிட்டது.

"இதுக்கு மேல போனா இது டிராக்டர் இல்லம்மா, தோணி" என்றார் ஐயம்பெருமாள் அண்ணாச்சி. பாளையங்கோட்டையிலிருந்து நாலு மணி நேரம் வெள்ளத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டுவந்து சேர்த்த மனிதர். ரீபா இறங்கினாள். முழங்காலளவுத் தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. வெள்ளம் குளிர்ந்திருக்கும் என்று நினைத்திருந்தாள். அந்தச் சூடு அவளுக்குப் பிடிக்கவில்லை.

மணி மூன்றுதான். ஆனாலும் வெளிச்சம் விளக்கு வைக்கிற நேரத்து வெளிச்சம் போலக் கிடந்தது.

சீவலப்பேரிக்குக் கீழே, ஆற்றுக்கும் பாசனக் கால்வாய்க்கும் நடுவில் இருக்கிற ஊர் அது. அவள் பிறந்த ஊர். தங்கை பெர்லின் அப்பாவின் வீட்டில் தனியாக இருக்கிறாள், புருஷன் மஸ்கட்டில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெர்லின் அழைத்திருந்தாள். இரண்டு வருஷத்தில் முதல் அழைப்பு. "அக்கா, தண்ணி தெருவுக்குள்ள வந்துட்டு" என்றாள். அதோடு லைன் அறுந்தது. பிறகு டவர் இல்லை, கரண்ட் இல்லை, ஒன்றுமில்லை. தங்கை ஏழு மாதக் கர்ப்பம் என்பதே ரீபாவுக்கு மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரியும்.

அந்தக் குரலைக் கேட்டதும் பயத்துக்கு முன்னால் தனக்குள் எழுந்தது என்னவென்று ரீபா யாரிடமும் சொல்லமாட்டாள். கடைசியில் என்னைத்தானே கூப்பிட்டாள் என்கிற ஒரு சின்ன சந்தோஷம். விடியும்வரை அதற்காகத் தன்னையே வெறுத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

ஊர் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்து மாடி ஹாலில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஈரத்துணி, மண்ணெண்ணெய், குழந்தைகளின் மூத்திரம் எல்லாம் கலந்த வாடை. ரீபா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

பெர்லின் இல்லை.

"டீச்சரம்மாவுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?" ஜன்னலோரமிருந்து ஒரு குரல். பெர்லினின் பக்கத்து வீட்டு ஜெபகனி. அறுபது வயதிலும் நாக்கு மழுங்காதவள். "ரெண்டு வருஷமா எட்டிப் பாக்கல. வெள்ளம் வந்தாத்தான் கூடப்பெறந்தவ ஞாபகம் வருமோ?"

"பெரியம்மா, அவ எங்க?"

அந்தக் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். ஜெபகனியின் முகம் இளகிவிட்டது. "காலம்பற கதவத் தட்டுனேன் ளா. உள்ள ஆளில்ல. மேடா எங்கயாச்சும் பாத்துப் போயிருப்பா. விவரமான புள்ளைதான அவ."

சபையின் வாலிபர் ஐக்கியத்தை நடத்துகிற சுபின் தோளில் கயிற்றோடு ஏறி வந்தான். ஊரில் செல்போன் கடை வைத்திருப்பவன். "கீழத்தெருவுல இன்னும் ஆறு வீடு பாக்கணும்க்கா. கயிறு ஒண்ணுதான் இருக்கு. ஒரு மணி நேரம் பொறுங்க, நானே கூட வாரேன்."

"அணையில இன்னும் திறந்து விடுதாவளாம்" என்றார் யாரோ பின்னாலிருந்து.

ஒரு மணி நேரம். ரீபா படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். சுபின் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினான்.

"போனக் கொடுங்க. என் போன்ல இருந்து நேரா உங்களுக்கு ஏத்திருதேன், இன்டர்நெட் வேண்டாம்." பேசிக்கொண்டே அவன் விரல்கள் ஓடின. "இது ஊர் மேப்பு. கிறிஸ்மஸ் கீத பவனிக்காக வீடு வீடா நான் குறிச்சது. டவர் தேவையில்ல, மேல சுத்துத சாட்டிலைட் போதும். இந்த நீலப் புள்ளி நீங்க. இந்தக் கோடு கால்வாய்க் கரை. தண்ணிக்குள்ள கெடக்கு, கண்ணுக்குத் தெரியாது. புள்ளி கோட்ட விட்டு வெலகுனா அப்படியே நில்லுங்க. ரெண்டு பக்கமும் ஆள் ஆழம். கம்பு ஒண்ணும் வச்சுக்கோங்க, புள்ளி பத்தடி பொய் சொல்லும்."

"இது?"

"டவர் இல்லாம மெசேஜ் அனுப்புத ஆப்பு. ஊர்ல எல்லார் போன்லயும் போட்டுக் கொடுத்திருக்கேன், பெர்லின் போன்லயும் இருக்கு. பாதிப்பேர் பேர் கூடப் பதியல, பேரில்லாமதான் வரும். நூறு நூத்தம்பது அடிக்குள்ள ஆள் இருந்தா 'அருகில்'னு எண்ணிக்கை காட்டும். வெட்டவெளின்னா கொஞ்சம் கூடுதலாப் போகும். சுவருன்னா திணறும். தண்ணிக்குள்ள சுத்தமாப் போகாது." ஏரோப்ளேன் மோடில் போட்டு, புளூடூத்தை மட்டும் விட்டுவைத்து, பிளாஸ்டிக் உறையில் இட்டுக் கொடுத்தான். "சார்ஜ் முப்பத்தோரு சதவீதம் இருக்கு. சும்மா சும்மா எடுத்துப் பாக்காதீங்க."

மேடு தேடிப் போனவள் கால்வாய்க் கரை வழியாகத்தான் போயிருக்க வேண்டும். கரையில் ஏறியபோது ஊரின் சத்தம் நின்றுபோனது.

கொட்டுகிற மழையில் எங்கும் ஒரே பழுப்புத் தண்ணீர். வயல் எது, கால்வாய் எது, கரை எது என்று ஒன்றும் தெரியவில்லை. திரையில் மட்டும் எல்லாம் இருந்தன. மெல்லிய கோடு, அதன்மேல் துடிக்கிற ஒரு நீலப்புள்ளி. கண் பார்க்கிற உலகத்தை நம்பாமல் கையிலிருக்கிற உலகத்தை நம்பி ஒவ்வொரு அடியாக வைத்தாள். கம்பால் தட்டினாள். கெட்டி மண். இன்னொரு அடி. ஒருமுறை கம்பு தட்டுப்படாமல் உள்ளே போனது. நின்று, மூச்சை விட்டு, அரையடி இடப்பக்கம் நகர்ந்தாள்.

இப்படித்தான் அன்றைக்கும் பெய்தது. இரண்டு வருஷத்துக்கு முன், அப்பா வேதநாயகத்தை அடக்கம் செய்த அன்று. குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. பெட்டியை இறக்கினால் அது இறங்கவில்லை, மிதந்தது. மிதந்து மிதந்து குழிச்சுவரில் மோதியது. டொக். டொக். நாலு பேர் கம்பை வைத்து அழுத்திப் பிடித்தார்கள். "அப்பாவுக்குத் தண்ணின்னா பயம்லா அக்கா. ஒரு நாள் பொறுப்போம், வடியட்டும்" என்று பெர்லின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூத்தவள் என்று எல்லாரும் ரீபாவின் முகத்தைப் பார்த்தார்கள். "மூடிருங்க" என்றாள் ரீபா.

மழை வலுக்கும், சபை ஐயர் காத்திருக்கிறார் என்று பிற்பாடு ஊருக்குக் காரணம் சொன்னாள். உண்மை அதுவல்ல. அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். மறுநாளிலிருந்து பெர்லின் அவளோடு பேசவில்லை.

உறைக்குள் போன் அதிர்ந்தது.

அருகில்: 1.

ரீபாவின் கண் நிறைந்துவிட்டது. ஆள் இருக்கிறது. உயிரோடு, கூப்பிடு தூரத்தில்.

பெயரில்லாமல் ஒரு வரி வந்தது. *ரீபா வந்துட்டியா*

கட்டைவிரலால் தட்டினாள். *எங்க இருக்க*

*தோட்டத்தில இருக்கேன்*

சரிதான், தோட்டம். அப்பாவுக்குக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கொஞ்சம் வாழை உண்டு; ஒரு மோட்டார் ரூம், அதற்குக் காங்கிரீட் கூரை. விவசாயம் தெரியாத பள்ளிக்கூடத்துக் கிளார்க் அவர். அரை ஏக்கர் வாழையை 'நம்ம தோட்டம்' என்று பெருமையாகச் சொல்லுவார். மகள்களுக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. கூரைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள், விவரமான பெண். வெள்ளத்தில் திசை பிடிபடவில்லை; மேப்பில் தேடினாள். *தோட்டம்* என்று ஒரே ஒரு குறிதான் இருந்தது. கரை பிரிகிற இடத்தில் இடப்பக்கம், இருநூறு அடி.

*அங்கனயே இரு. வாரேன்* என்று அனுப்பினாள்.

*வா*

இடப்பக்கம் திரும்பினாள். தண்ணீர் தொடைக்கு ஏறியது, பிறகு இடுப்புக்கு. எதிரே தண்ணீருக்கு மேல் கட்டைகள் துருத்திக்கொண்டு வரிசையாக நின்றன. வாழைக்குக் கொடுத்த முட்டுக்கம்பு. மரங்கள் சாய்ந்து போயிருக்கும், முட்டு மட்டும் நிற்கிறது. கம்பை ஊன்றி வேகமாக நடந்தாள்.

"பெர்லின்!"

குரல் தண்ணீர்மேல் ஓடிப்போய்த் திரும்பவில்லை. தவளைகூடக் கத்தவில்லை. இரண்டு நாளாக விடாமல் பெய்த மழை இந்த இடத்தில் மட்டும் வெறித்திருந்தது.

வாழைச்சாற்றின் வாடை வரவேண்டும். வரவில்லை. வந்தது பழைய மெழுகும் அழுகிய சாமந்தியும் கலந்த வாடை.

கால் ஏதோ விளிம்பில் இடறியது. விழாமலிருக்கப் பக்கத்தில் இருந்ததைப் பிடித்தாள். சிமெண்ட். வழவழப்பு. தண்ணீருக்குள் அவள் விரல்களுக்குக் கீழே எழுத்து வெட்டியிருந்தது. கண் பார்க்குமுன் விரல் அதை வாசித்துவிட்டது.

பிறப்பு.

நிமிர்ந்து பார்த்தாள். முட்டுக்கம்புகள் எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் கை இருந்தது.

இந்த ஊரில் வாழையை வாழை என்பார்கள், வயலை வயக்காடு என்பார்கள். முன்னால் ஒரு சொல்லும் சேர்க்காமல் 'தோட்டம்' என்றால் ஒரே இடம்தான். கல்லறைத் தோட்டம். 'அவர தோட்டத்துக்குக் கொண்டு போயாச்சா' என்று கேட்பார்கள். ஈஸ்டர் அதிகாலை ஆராதனை அங்கேதான். சுபின் அதைத்தான் குறித்திருக்கிறான். இருபது வருஷமாகப் பாளையங்கோட்டையில் இருந்தவளுக்கு ஊரின் நாக்கு மறந்துபோயிருந்தது.

அப்படியென்றால் பெர்லின் இங்கே எதற்கு...

அவள் மனம் அந்த இடத்தில் நின்றது.

பெர்லின் ஒருநாளும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

போன் அதிர்ந்தது.

*பக்கத்துல வந்துட்ட*

ரீபா அசையவில்லை.

*காலுக்குக் கீழ*

அவள் நின்றிருந்த மண், கெட்டியாக இருந்த மண், மெல்ல மூச்சு விடுவதுபோல எழும்பித் தாழ்ந்தது. அடியில் ஒரு பலகை இன்னொரு பலகையில் மோதுகிற சத்தம். காதால் கேட்பதற்கு முன்பே உள்ளங்காலில் கேட்டது.

டொக்.

டொக்.

*தண்ணி ஏறுது ரீபா. தூக்கு*

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே தட்டினாள். *பெர்லின் எங்க அப்பா*

பதில் வர நேரமானது. அந்த இடைவெளியில் அவளுக்குள் ஒரு பைத்தியக்கார எண்ணம் ஓடியது. குனிந்து கையை உள்ளே விட்டால் என்ன? அந்தச் சிறிய, நகம் வெட்டிய, மசிக்கறை படிந்த கையை ஒரு தடவை பிடித்தால் என்ன? இரண்டு வருஷமாக வாங்க முடியாத மன்னிப்பு இடுப்பளவுத் தண்ணீருக்குக் கீழேதான் இருந்தது. முழங்கால்கள் மடங்கத் தொடங்கின.

*அவ பொறுக்கத்தான் சொன்னா. மூடச் சொன்னது நீ*

திரையின் உச்சியில் எண் மாறியது. அருகில்: 4. அருகில்: 11. அருகில்: 26.

"முடியாதுப்பா" என்றாள் ரீபா. கத்தவில்லை. கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "அவ வயித்துல புள்ள இருக்கு. என்னால முடியாதுப்பா."

புளூடூத்தை அணைத்தாள். திரை அமைதியானது. காலுக்குக் கீழே சத்தம் அமைதியாகவில்லை.

மேப்பில் அப்பாவின் பெயரைத் தட்டிப் பார்த்தாள். இரண்டு குறிகள். *வேதநாயகம் சார் வீடு. வேதநாயகம் சார் வாழை.* இரண்டாவது வலப்பக்கக் கரையில், ஆயிரம் அடி. வந்த வழியே திரும்பினாள். எந்தச் சிலுவையையும் தொடாமல் கடக்க முடியவில்லை. தொட்ட ஒவ்வொன்றும் உடம்புச் சூட்டோடு இருந்தது.

பெர்லின் மோட்டார் ரூம் கூரையில் ஒரு உரச்சாக்கைத் தலைக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அக்காவைக் கண்டதும் அழவில்லை. "வந்துட்டியாக்கா" என்றாள், ஏதோ கடைக்குப் போய்த் திரும்பியவளைக் கேட்பதுபோல. ரீபா அவளைக் கட்டிக்கொண்டாள். வயிற்றுக்குள் குழந்தை ஒரு உதை விட்டது; இருவருக்கும் தெரிந்தது.

"போன் எங்க ளா?"

"அது விடியுததுக்கு முன்னாலயே தண்ணிக்குள்ள போயிட்டு. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

"எப்படி வழி கண்டுபிடிச்சு வந்த?"

"சுபின் மேப்பு போட்டுக் கொடுத்தான்."

கரையில் ரீபா முன்னால் நடந்தாள். பெர்லின் அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு அடியொற்றி வந்தாள். பிரிகிற இடம் வந்தபோது ரீபா திரும்பிப் பார்க்கவில்லை. பெர்லின் நின்றாள்.

"தோட்டம் முங்கிட்டாக்கா?"

"பேசாம வா ளா."

"அப்பா..."

"கோட்ட விட்டுக் கால் வெலகப்போகுது. என் முதுகப் பாத்து நட."

ஆறரை மணிக்கு ஹாலுக்குள் நுழைந்தார்கள். ஒரே ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. ஜெபகனி ஓடிவந்து பெர்லினை வாங்கிக்கொண்டாள். தலையைத் துவட்டி, வெந்நீர் கொடுத்து, வயிற்றைத் தடவிப் பார்த்து, "ரெண்டு உசிரும் பத்திரமா இருக்கு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள். பிறகு ரீபாவின் பக்கம் திரும்பி, "நீயும் பரவால்ல ட்டி" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு ரீபாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாயில் தங்கையின் பக்கத்தில் படுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பெர்லின் கையை எடுக்கவில்லை. அது போதும் என்று இருந்தது. பார்த்தது, கேட்டது எல்லாம் பயத்தில் மூளை செய்த வேலை என்று சொல்லிக்கொள்ளவும் தொடங்கியிருந்தாள்.

சுபின் பக்கத்தில் வந்து குந்தினான். "அக்கா, உங்க போன் புளூடூத் அணைஞ்சு கெடக்கு."

"இருக்கட்டும் சுபின்."

"இல்லக்கா. இந்த ஆப்பு ஒரு போன்ல வாங்குனத அடுத்த போனுக்குக் கடத்தும். நீங்க கரையில போகும்போது யாராச்சும் மாட்டிக்கிட்டவங்க ஊருக்குன்னு அனுப்புனது உங்க போன்ல வந்து நிக்கும். நீங்க பாக்காட்டாலும் அது நிக்கும். கீழத்தெரு கோமு அக்காவும் அவங்க வீட்டுக்காரரும் இன்னும் கெடைக்கல."

ரீபா எழுந்து உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? எங்கேயோ ஒரு கூரையில் ஒரு பெண் உட்கார்ந்து, அவள் அனுப்பிய வரி இந்த உறைக்குள்ளே கிடந்தால்? பெர்லினுக்காக நடந்தவள் கோமுவுக்கு மாட்டேன் என்பதா?

போனை நீட்டினாள். சுபின் தட்டினான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு சுபினின் சட்டைப்பையில் ஒரு அதிர்வு. ஜன்னலோரம் இன்னொன்று. கரும்பலகைக்குக் கீழே, மூட்டைகளுக்கு நடுவில், தூங்குகிற ஒருவரின் தலைமாட்டில், ஒவ்வொன்றாக ஹாலின் அந்தக் கோடிவரை. முகங்கள் இருட்டில் நீலமாக எரிந்தன.

எல்லாரும் குனிந்து வாசித்தார்கள்.

ஜெபகனி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தாள். அவள் உதடு மெதுவாக விரிந்தது. அப்படியொரு சிரிப்பை அந்த முகத்தில் ரீபா கண்டதில்லை. "கனின்னு போட்டிருக்கு" என்றாள். "அவரு மட்டும்தான என்னைக் கனின்னு கூப்பிடுவாரு."

ஜெபகனியின் புருஷன் இறந்து பதினெட்டு வருஷம்.

போர்த்தியிருந்த சாக்கை உதறிவிட்டு அவள் எழுந்தாள். ஜன்னலோரத்துக்காரர் எழுந்தார். ஒருத்தி மடியில் கிடந்த பிள்ளையைத் தரையில் கிடத்திவிட்டு எழுந்தாள். ஒருவரையொருவர் பார்க்காமல் படிக்கட்டை நோக்கி நடந்தார்கள்.

"ஏலே, எங்க போறிய? கீழ தண்ணி நிக்கி!" சுபின் வாசலில் கையை விரித்து மறித்தான். அவனை யாரும் தள்ளவில்லை. ஒதுக்கிவிட்டுப் போனார்கள், பைய, கூட்டத்தில் வழி கேட்கிறவர்களைப்போல. கீழே படியில் தண்ணீர் கலங்குகிற சத்தம் கேட்டது. ஒருவர். இன்னொருவர். பிறகு எண்ண முடியவில்லை.

ரீபா தங்கையின் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டாள். எலும்பு தெரியும்படி இறுக்கினாள். இவளிடம் போன் இல்லை, இவளுக்கு ஒன்றும் வராது, இவளை மட்டும் விடமாட்டேன்.

பெர்லின் விழித்துத்தான் இருந்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்; யாரோ தொலைவிலிருந்து பேசுவதைக் கேட்கிறவளைப்போலத் தலையை ஒருபக்கம் சாய்த்திருந்தாள். மற்றக் கையை வயிற்றில் ஊன்றி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"கைய விடுக்கா" என்றாள், கோபமே இல்லாத குரலில். "அப்பா கூப்பிடுதாவ."